200 அடி அகலம்: பஃபலோ நகரத்துப் பூங்காச் சாலைகள்

நயாகரா பார்க்கப் போகிறவர்களுக்கு பஃபலோ வழியில் வரும் ஓர் ஊர், அவ்வளவுதான். மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ அமெரிக்கா போய்வந்த பெற்றோரைக் கேட்டால் அருவியைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார்கள். பஃபலோவைப் பற்றிக் கேட்டால் "ராத்திரி ஒரு ஹோட்டலில் தங்கினோம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அருவியின் அமெரிக்கக் கரையில் அவர்கள் காலாற நடந்தார்களே, அந்த மரநிழல் பாதைகளுக்கு 1887ல் திட்டம் வரைந்து கொடுத்தவர்கள் ஃப்ரெடரிக் லா ஓம்ஸ்டெட், கால்வர்ட் வாக்ஸ் என்ற இருவர். அதே இருவர் அதற்கு 19 வருடம் முன்பே பஃபலோ நகரத்துக்கு ஒரு திட்டம் போட்டிருந்தார்கள். ஒரு நகரத்தின் பூங்காக்களையும் அவற்றுக்கு இடையே போகும் சாலைகளையும் ஒரே பின்னலாக யோசித்து அமெரிக்காவில் கட்டிய முதல் வேலை என்று அதைத்தான் சொல்கிறார்கள்.

அந்தப் பின்னலில் ஒரு பாதி இன்றும் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறது. மறுபாதியின் முக்கியமான இழையை 1960களில் உருவியெடுத்துவிட்டு, அந்த இடத்தில் பள்ளம் தோண்டி விரைவுச்சாலை போட்டார்கள். பஃபலோ விமான நிலையத்தில் இறங்கி நகர மையத்துக்கு டாக்ஸி பிடித்தால் பெரும்பாலும் அந்தச் சாலை வழியாகத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். இரண்டு பக்கமும் கான்கிரீட் சுவர், தலைக்கு மேல் அவ்வப்போது ஒரு பாலம், சில நிமிடத்தில் நகர மையம். இந்த இடத்தில் ஒருகாலத்தில் வரிசை வரிசையாக மரங்கள் நின்றன, நடுவில் புல்வெளி ஓடியது என்று யாராவது சொன்னால்தான் தெரியும்.

இது எப்படி நடந்தது? விடை அந்தச் சாலையின் அகலத்திலேயே இருக்கிறது. 200 அடி.

1825ல் ஈரி கால்வாய் திறந்ததும் பஃபலோவுக்கு யோகம் அடித்தது. மேற்கே பெரிய ஏரிகள் வழியாகக் கப்பலில் வரும் கோதுமை இங்கே இறங்கி, கால்வாய்ப் படகில் ஏறி நியூயார்க் போகும். 1842ல் ஜோசப் டார்ட் என்ற வணிகர் நீராவியில் இயங்கும் தானிய எலிவேட்டரை, அதாவது கப்பலிலிருந்து தானியத்தை மேலே தூக்கிச் சேர்த்துவைக்கும் கிடங்கை, இங்கே கட்டினார். அதுவரை கூலியாட்கள் முதுகில் சுமந்து இறக்கிய தானியத்தை இயந்திரம் அள்ளத் தொடங்கியது. பணம் சேர்ந்தது, ஜனம் சேர்ந்தது. 1870 கணக்கெடுப்பில் மக்கள் தொகை 1,17,714.

ஊர் பிறந்ததும் ஏனோதானோவென்று அல்ல. 1804ல் ஜோசப் எலிகாட் போட்ட தெருத் திட்டத்தில் நயாகரா சதுக்கம் வண்டிச் சக்கரத்தின் குடம் போலவும், அதிலிருந்து விரியும் தெருக்கள் அதன் ஆரக்கால்கள் போலவும் இருந்தன. இவருடைய அண்ணன் ஆண்ட்ரூ எலிகாட் வாஷிங்டன் நகரத்தை அளந்து வரைந்தவர்களில் ஒருவர். அந்தச் சாயல் தம்பியின் ஊரிலும் தெரிகிறது. ஆனால் ஊர் வளர வளர, எலிகாட் வரைந்ததற்கு வெளியே கட்டங்கட்டமாக மனை போட்டு விற்றுக்கொண்டே போனார்கள். பொது இடம் என்று பெரிதாக எதையும் விட்டுவைக்கவில்லை.

உள்ளூர் வழக்கறிஞர் வில்லியம் டார்ஷைமரும் அவரைப் போன்ற சிலரும் நமக்கும் ஒரு சென்ட்ரல் பார்க் வேண்டும் என்று பேசத் தொடங்கினார்கள். நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்குக்கு 1858ல் ஓம்ஸ்டெட்டும் வாக்ஸும் கொடுத்த வரைபடம்தான் போட்டியில் வென்றிருந்தது. அதற்குப் பிறகு பத்து வருடத்தில் ஓம்ஸ்டெட் நாடறிந்த பெயராகிவிட்டார். உள்நாட்டுப் போரின்போது படைவீரர்களின் சுகாதாரத்தைக் கவனித்த ஆணையத்தின் செயலாளராகவும் இருந்தவர் அவர். கெட்ட காற்று, அழுக்குத் தண்ணீர், நெரிசல் இதெல்லாம் மனிதனை என்ன செய்யும் என்பதை முகாம்களில் நேரில் பார்த்தவர். பூங்காவை அவர் அலங்காரமாகப் பார்க்கவில்லை. ஊருக்குக் குடிநீர்க் குழாய் எப்படியோ அப்படித்தான் அவருக்குப் பூங்கா.

1868 ஆகஸ்டில் சிகாகோ பக்கம் வேறு வேலையாகப் போகும் வழியில் ஓம்ஸ்டெட் பஃபலோவில் இறங்கினார். டார்ஷைமர் அவரைக் குதிரை வண்டியில் ஊரைச் சுற்றிக் காட்டினார். திரும்பி வரும்போது அவர் மறுபடி இறங்க, அந்த மாதக் கடைசியில் ஒரு கூட்டம் கூட்டினார்கள். தலைமை மில்லர்ட் ஃபில்மோர். அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி, ஓய்வுக்குப் பிறகு பஃபலோவாசி. பூங்காவுக்கு நல்ல இடம் எது என்று கேட்கக் காத்திருந்தவர்களுக்கு ஓம்ஸ்டெட் ஓர் இடத்தைக் காட்டவில்லை, மூன்றைக் காட்டினார்.

முதலாவது, ஊருக்கு வடக்கே விவசாய நிலமாகக் கிடந்த சுமார் 350 ஏக்கர். இன்று அது டெலவேர் பார்க். நடுவே ஓடிய ஸ்கஜாக்வடா ஓடையை அணை கட்டி மறித்து 46 ஏக்கரில் ஓர் ஏரி, அதற்குப் பக்கத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் புல்வெளி. சத்தமில்லாமல் நடப்பதற்கான இடம். இரண்டாவது, மேற்கே ஈரி ஏரி நயாகரா ஆறாகக் குறுகுகிற முனையில் ஒரு மேடு, "ஃப்ரண்ட்" என்று பெயர். அங்கே வேலை ஒன்றுதான்: உட்கார்ந்து தண்ணீரையும் சூரியன் மறைவதையும் பார்ப்பது. மூன்றாவது கிழக்கே, ஜெர்மன் குடியேறிகள் நிறைந்த பகுதியில், "பரேட்". அணிவகுப்பு, விளையாட்டு, திருவிழாக் கூட்டம் எல்லாம் அங்கே. வாக்ஸ் வரைந்த ஒரு பெரிய மரக் கட்டிடம் அங்கே எழும்பியது; சாப்பாடு, பாட்டு, ஆட்டம் என்று ஞாயிற்றுக்கிழமை களைகட்டும்.

ஒரே பூங்காவில் எல்லாவற்றையும் திணித்தால் சண்டைதான் மிஞ்சும் என்பது சென்ட்ரல் பார்க்கில் அவர்கள் பட்டறிந்தது. அணிவகுப்புக்கு ஓர் இடம், அமைதிக்கு ஓர் இடம் என்று பிரித்துவிட்டால் அது தீரும். சரி, ஆனால் பிரித்துவிட்டால் அவை மூன்று தனித்தனித் தோட்டமாகத்தானே கிடக்கும்? இங்கேதான் பஃபலோ திட்டம் முன்னே இருந்த எதிலிருந்தும் விலகிப் போகிறது. மூன்றையும் சாலைகளால் கோர்த்தார்கள். அந்தச் சாலையும் பூங்காவாகவே இருக்க வேண்டும் என்றார்கள். வீட்டிலிருந்து கிளம்பி இரண்டு தெரு தள்ளி வந்ததுமே பூங்காவுக்குள் வந்துவிட்ட மாதிரி இருக்க வேண்டும், பூங்காவின் கேட் வரைக்கும் காத்திருக்கக் கூடாது.

அதற்கு அவர்கள் வைத்த பெயர் "பார்க்வே". இந்தச் சொல்லையே ஓம்ஸ்டெட்டும் வாக்ஸும்தான் அந்தச் சமயத்தில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். ப்ரூக்ளினில் இதே மாதிரி ஒரு சாலையை அதே காலத்தில் முன்வைத்திருந்தார்கள். முன்மாதிரி பாரிஸ். ஆனால் பாரிஸின் பொலிவார்ட் வேறு பிறவி. அந்தச் சொல்லின் வேரே கோட்டைக் கொத்தளம் என்ற பொருளில் இருக்கிறது. பழைய மதில்களை இடித்த இடத்தில் போட்ட அகலத் தெருக்களுக்கு முதலில் அந்தப் பெயர் வந்தது. கடை, காபிக் கடை, கூட்டம், வியாபாரம் இல்லாமல் பொலிவார்ட் கிடையாது. பார்க்வேயில் வியாபாரத்துக்கு இடமில்லை. பாரம் ஏற்றிய வண்டிகள் உள்ளே வரவே கூடாது என்பது விதி.

வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு இந்த வழியில் ஒருமுறை விரலால் போய்ப் பார்க்கலாம். ஏரிக்கரையில் ஃப்ரண்டிலிருந்து கிளம்பி போர்ட்டர் அவென்யூ. ஒரு வட்டம் வரும், இன்று அதன் பெயர் சிம்பொனி சர்க்கிள். அங்கிருந்து வடக்கே திரும்பினால் ரிச்மண்ட் அவென்யூ. அப்புறம் இன்னும் இரண்டு வட்டங்கள், பிறகு பிட்வெல் பார்க்வே தொடங்கும். அது போய்ச் சேரும் இடம் சோல்ஜர்ஸ் சர்க்கிள். அதே இடத்துக்கு இன்னொரு பக்கத்திலிருந்து சேப்பின் பார்க்வே வந்து சேர்கிறது. பிட்வெல், சேப்பின் இருவரும் உள்நாட்டுப் போரில் இறந்த பஃபலோ படைத் தளபதிகள். அவர்கள் பெயர் கொண்ட இரண்டு சாலைகள் போர்வீரர் வட்டத்தில் கூடி, லிங்கன் பார்க்வே என்று ஒன்றாகிப் பூங்காவுக்குள் போகின்றன. போர் முடிந்து ஐந்து வருடம்கூட ஆகாத ஊரில் இந்தப் பெயர்கள் சும்மா வைக்கப்பட்டவை அல்ல.

பூங்காவின் கிழக்கு முனையில் வெளியே வந்தால் அகஸீஸ் சர்க்கிள். அங்கிருந்து தென்கிழக்காக, ஏறக்குறைய 2 மைல் தூரம், ஹம்போல்ட் பார்க்வே. அது போய் முடிவது பரேடில். ஜெர்மன் விஞ்ஞானி அலெக்சாண்டர் ஃபான் ஹம்போல்ட்டின் பெயர், ஜெர்மன்காரர்கள் வாழ்ந்த பக்கம் போகும் சாலைக்கு.

எல்லாப் பார்க்வேக்களிலும் நீளமானது ஹம்போல்ட்தான். நான் சொன்ன 200 அடியை இப்போது அதன் குறுக்கே நின்று அளந்து பார்க்கலாம். ஓர் ஓரத்தில் வீட்டு வாசல். வாசலுக்கு முன்னால் நடைபாதை, மரம். அப்புறம் வண்டி போகும் சாலை. அதைத் தாண்டினால் நடுவில் அகலமான புல்தரை. அதில் மறுபடி மர வரிசைகள், நடந்து போக, குதிரையில் போகத் தனித்தனியே இடம். பிறகு எதிர்த்திசைச் சாலை, மரம், நடைபாதை, எதிர் வீட்டு வாசல். மரங்கள் வளர்ந்து கிளைகள் மேலே கைகோத்தபின் எடுத்த பழைய புகைப்படங்களில் இது சாலை போலவே தெரியாது. தூண்கள் நிற்கும் கோயில் பிரகாரம் போல இருக்கும், கூரை மட்டும் பச்சை.

இத்தனை நிலத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது? 1869ல் மாநில சட்டமன்றம் அனுமதி கொடுத்து, பூங்கா ஆணையர்கள் குழு ஒன்றை அமைத்தது. 1870ல் வேலை தொடங்கியது. எல்லாம் அன்றைக்கு ஊருக்கு வெளியே கிடந்த வயலும் மேய்ச்சல் நிலமும் என்பதால் விலை மலிவு. பூங்கா வந்தால் சுற்றுப்புற மனை விலை ஏறும், ஏறினால் சொத்து வரி கூடும், அந்த வரியே செலவைத் தூக்கிவிடும் என்பது அன்றைய பூங்காக்காரர்கள் எல்லோரும் சொன்ன கணக்கு. கணக்கு பெரும்பாலும் சரியாகவே வந்தது. அந்தக் கணக்கில் ஒரு வில்லங்கமும் இருக்கிறது, அதைப் பலர் சொல்வதில்லை: மனை விலையை ஏற்றுவதற்கென்றே போட்ட சாலை, மனை விலை விழுந்த காலத்தில் யாருடைய பாதுகாப்பில் இருக்கும்?

1876ல் பிலடெல்பியாவில் நடந்த நூற்றாண்டுக் கண்காட்சிக்கு ஓம்ஸ்டெட் பஃபலோவின் வரைபடத்தை அனுப்பினார். தெருக்களும் பொது இடங்களும் இவ்வளவு நன்றாகத் திட்டமிடப்பட்ட நகரம் அமெரிக்காவில் வேறில்லை, ஒருவேளை உலகத்திலேயே இருக்காது என்ற பொருளில் அவர் சொன்னதை பஃபலோக்காரர்கள் இன்றுவரை மறக்கவில்லை. சொந்த வேலையைத்தான் புகழ்ந்துகொண்டார் என்றாலும், எலிகாட்டின் ஆரக்கால்களை அவர் அழிக்காமல் அவற்றின்மேலேயே பின்னியதால் அந்தப் புகழில் பழைய ஆளுக்கும் பங்குண்டு.

ஓம்ஸ்டெட் அந்த ஊரை விடவில்லை. டெலவேர் பார்க்குக்குப் பக்கத்தில் வளைந்து வளைந்து போகும் தெருக்களோடு பார்க்சைட் என்ற குடியிருப்பை வரைந்தார். எச். எச். ரிச்சர்ட்சன் கட்டிய மனநல மருத்துவமனையைச் சுற்றியுள்ள நிலத்தை வாக்ஸும் அவரும் அமைத்தார்கள். 1880களின் கடைசியில், எங்களுக்கு ஒன்றுமில்லையா என்று தெற்கு பஃபலோ கேட்டது. தொழிற்சாலைகளும் ரயில் தண்டவாளங்களும் தொழிலாளர் வீடுகளும் நிறைந்த பக்கம் அது. ஏரிக்கரையிலேயே, நீர் உள்ளே வந்து போகிற ஒரு பெரிய பூங்காவை ஓம்ஸ்டெட் வரைந்து கொடுத்தார். செலவு அதிகம் என்று தள்ளிவிட்டார்கள். பதிலுக்குக் கிடைத்தவை உள்ளே தள்ளி இரண்டு சிறிய பூங்காக்கள்: சவுத் பார்க், கசெனோவியா பார்க். இரண்டுக்கும் நடுவே பார்க்வே உண்டு. ஆனால் வடக்கே இருக்கும் பழைய பின்னலோடு அவை சேரவே இல்லை. நடுவில் ரயில்வேயும் ஆலைகளும். ஏரிக்கரைப் பூங்கா வந்திருந்தால் பஃபலோ தன் ஏரியை ஆலைகளுக்கு விட்டுக்கொடுக்காமல் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றும். இது என் ஆதங்கம் மட்டும்தான்.

ஓம்ஸ்டெட்டின் மகன்கள் நடத்திய நிறுவனம் நகரின் வடமேற்கே ரிவர்சைட் பார்க்கையும் சேர்த்தது. இன்றைய கணக்கில் மொத்தம் 6 பூங்கா, 7 பார்க்வே, 8 வட்டம், சுமார் 850 ஏக்கர்.

1900ல் பஃபலோ 3,52,387 பேருடன் அமெரிக்காவின் எட்டாவது பெரிய நகரம். அடுத்த வருடம் டெலவேர் பார்க்கின் வடக்கு ஓரத்தில் பான் அமெரிக்கன் கண்காட்சி நடந்தது. அங்கேதான் ஜனாதிபதி மெக்கின்லி சுடப்பட்டார். கண்காட்சிக் கட்டிடங்களில் ஏரிக்கரையில் ஒன்றே ஒன்று மிஞ்சி, வரலாற்று அருங்காட்சியகமாக நிற்கிறது.

பூங்கா என்றால் சும்மா கிடக்கும் இடம் என்று நினைப்பவர்கள் எந்த ஊரிலும் உண்டு. டெலவேர் பார்க்கின் புல்வெளியில் கோல்ஃப் மைதானம் வந்தது. ஓம்ஸ்டெட் செடிவகைத் தோட்டமாக நினைத்த சவுத் பார்க்கிலும் கோல்ஃப் வந்தது. ஃப்ரண்டின் கதை இன்னும் மோசம். 1927ல் கனடாவுக்குப் போகும் பீஸ் பிரிட்ஜ் அதன் பக்கத்திலேயே திறந்தது. சுங்கச் சாவடியும் லாரிகளும் பெருகப் பெருக இடம் குறைந்தது. பிறகு கரையோரமாகவே த்ரூவே என்ற மாநில நெடுஞ்சாலை வந்து தண்ணீருக்கும் பூங்காவுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டது. தண்ணீரைப் பார்ப்பதற்கென்றே அமைத்த மேட்டில் இன்று உட்கார்ந்தால் ஏரிக்கும் கண்ணுக்கும் நடுவில் ஓடுவது வாகனங்கள்.

ஆனால் இவை எல்லாம் ஓரத்தில் அரித்தவை. நடுமுதுகில் விழுந்த அடி ஹம்போல்ட்.

1950ல் பஃபலோவின் மக்கள் தொகை 5,80,132. அதுதான் உச்சம். அதற்குப் பிறகு ஜனம் புறநகர்களுக்குப் போகத் தொடங்கியது. போனவர்கள் வேலைக்கு மட்டும் காலையில் காரில் நகர மையத்துக்கு வந்து மாலையில் திரும்பினார்கள். அவர்களுக்கு வேகமான சாலை வேண்டும். இதே வருடங்களில், நகர மையத்துக்குக் கிழக்கே எலிகாட் வட்டாரத்தில் கறுப்பின மக்கள் வாழ்ந்த தெருக்களை நகரப் புதுப்பிப்பு என்ற பெயரில் இடித்துத் தள்ளினார்கள். அங்கிருந்து கிளப்பப்பட்ட பலர் வடக்கே நகர்ந்து ஹம்போல்ட் பக்கம் வீடு வாங்கினார்கள். ஜெர்மன் குடும்பங்கள் விட்டுப்போன உறுதியான வீடுகள், வாசலில் மரம், எதிரே புல்வெளி. ஆசிரியர்கள், மருத்துவர்கள், ஆலைத் தொழிலாளர்கள் என்று கலந்து வாழ்ந்த தெரு. பத்து வருடம் முன்புதான் ஒருமுறை பெயர்த்தெறியப்பட்டவர்களின் வாசலுக்கு மறுபடி புல்டோசர் வந்தது.

ஏன் ஹம்போல்ட்? சாலைத் துறை இன்ஜினியர் ஒருவரின் மேசையில் உட்கார்ந்து யோசித்தால் விடை தானாக வரும். விமான நிலையப் பக்கமிருந்து நகர மையத்துக்கு ஒரு கோடு இழுக்க வேண்டும். எந்தப் பக்கம் இழுத்தாலும் வீடுகளைக் கையகப்படுத்த வேண்டும், நஷ்டஈடு கொடுக்க வேண்டும், வழக்கு வரும். ஆனால் வரைபடத்தில் ஏற்கெனவே 200 அடி அகலத்துக்குப் பொது நிலம் ஒன்று நீளமாகக் கிடக்கிறது. அதற்கு உரிமையாளர் நகராட்சி. மரத்துக்கு நஷ்டஈடு கிடையாது. 1869ல் முன்யோசனையோடு ஒதுக்கிவைத்த அந்த அகலத்தையே, 90 வருடம் கழித்து வந்தவர்கள் காலியாகக் கிடக்கும் இடம் என்று எடுத்துக்கொண்டார்கள். குறுகலான சாதாரணத் தெருவாக இருந்திருந்தால் ஹம்போல்ட் ஒருவேளை தப்பித்திருக்கும்.

1950களின் கடைசியில் தொடங்கிய கென்சிங்டன் விரைவுச்சாலை வேலை 1960கள் முழுக்க இழுத்துக்கொண்டு போனது. மரங்கள் விழுந்தன. புல்வெளி இருந்த இடத்தில் பெரிய பள்ளம், பள்ளத்துக்குள் சாலை. மீதிப் பகுதிக்காக நூற்றுக்கணக்கான வீடுகளும் போயின. இரண்டு பக்கமும் எஞ்சிய வீடுகளுக்கு முன்னால் ஒவ்வொரு சர்வீஸ் ரோடு. முன்பு புல்தரையைக் கடந்தால் எதிர்வீடு. இப்போது பாலம் இருக்கும் தெரு வரைக்கும் சுற்றிப் போக வேண்டும். கடைகளுக்கு வந்துபோன கூட்டம் குறைந்தது, வீட்டு விலை சரிந்தது. சுமார் 75,000 வாகனங்கள் தினமும் அந்தப் பள்ளத்தில் போகின்றன. அவற்றின் புகை மேலே இருக்கும் ஜன்னல்களுக்குத்தான் வருகிறது.

அதே காலத்தில் டெலவேர் பார்க்கையும் விட்டுவைக்கவில்லை. ஸ்கஜாக்வடா ஓடையை ஒட்டியே இன்னொரு விரைவுச்சாலை பூங்காவின் நடுவில் நுழைந்து புல்வெளியை ஒரு பக்கமும் ஏரியை மறுபக்கமும் தள்ளியது. அகஸீஸ் சர்க்கிள் அடையாளம் தெரியாமல் போனது. 2015 மே மாதம் அந்தச் சாலையிலிருந்து தடம் மாறிய ஒரு கார் பூங்காவுக்குள் பாய்ந்ததில் 3 வயதுக் குழந்தை இறந்தது. உடனடியாக வேக வரம்பை மணிக்கு 50 மைலிலிருந்து 30க்குக் குறைத்தார்கள். ஐம்பது வருடமாகப் பலர் கேட்டும் நடக்காதது அந்த ஒரு வாரத்தில் நடந்தது.

மேற்குப் பக்கம் லிங்கன், பிட்வெல், சேப்பின் மூன்றும் அப்படியே இருக்கின்றன. எல்ம் மரங்களைத் தாக்கும் டச்சு எல்ம் நோயில் பழைய மரங்கள் பல போனாலும் வடிவம் கெடவில்லை. பிட்வெல் பார்க்வேயின் நடுப் புல்தரையில் பருவகாலத்தில் சனிக்கிழமை காலை உழவர் சந்தை கூடும். தக்காளிக் கூடைக்கும் தேன் பாட்டிலுக்கும் நடுவே குழந்தைகள் ஓடுவார்கள், நாய்கள் கட்டிக்கிடக்கும். லிங்கன் பார்க்வேயில் பெரிய மாளிகைகள். வசதியும் செல்வாக்கும் உள்ளவர்கள் வாழும் பக்கம் இது. ஒரே கை வரைந்த, ஒரே சட்டம் ஒதுக்கிய சாலைகளில் ஒன்று சந்தையாகவும் இன்னொன்று பள்ளமாகவும் ஆனதை மண்ணும் மரமும் தீர்மானிக்கவில்லை. யார் வாசலில் யார் குடியிருந்தார்கள் என்பதுதான் தீர்மானித்தது. பஃபலோவில் இதைத் தெரியாதவர்கள் இல்லை. சத்தமாகச் சொல்லத்தான் பல வருடம் ஆனது.

1970களின் கடைசியில் ஓம்ஸ்டெட் பூங்காக்களுக்காக ஒரு நண்பர் குழு உருவானது. 1982ல் எஞ்சியவை தேசிய வரலாற்று இடங்களின் பட்டியலில் ஏறின. 2004ல் அந்தக் குழுவிலிருந்து வளர்ந்த அமைப்பு, நகராட்சியுடன் ஒப்பந்தம் போட்டு இந்தப் பூங்காக்களைப் பராமரிக்கும் பொறுப்பையே எடுத்துக்கொண்டது. புல் வெட்டுவது, மரம் நடுவது, பெஞ்சு ரிப்பேர் எல்லாம் அவர்கள் கையில். 2020ல் 2,78,349 பேராகச் சுருங்கிய நகரம், 5,80,000 பேருக்கு வளர்ந்த காலத்துப் பூங்காக்களைத் தனியாகத் தாங்க முடியாது என்பதுதான் காரணம்.

ஹம்போல்ட்டை மீட்க வேண்டும் என்று அந்தப் பகுதி மக்களும் பல வருடமாகக் கேட்டுவந்தார்கள். 2022ல் மாநில அரசு 100 கோடி டாலர் வரை செலவழித்து, பள்ளத்தின் ஒரு பகுதிக்கு, ஏறக்குறைய முக்கால் மைல் நீளத்துக்கு, மேலே மூடி போட்டுச் சுரங்கமாக்கி அதன்மேல் மரமும் புல்லும் வைக்கப்போவதாக அறிவித்தது. சந்தோஷப்பட்டவர்கள் இருந்தார்கள்: முழுசாகக் கிடைக்காவிட்டாலும் நம் காலத்தில் பாதியாவது கிடைக்கட்டும் என்று. எதிர்த்தவர்களும் அதே தெருக்காரர்கள்தான். சுரங்கத்தின் இரண்டு வாயிலிலும் புகை குவியுமே, வருடக்கணக்கில் பாறை உடைப்பார்களே, பள்ளத்தையே மண் போட்டு மூடிவிட்டு விரைவுச்சாலையை ஒழித்தால் என்ன என்று கேட்டார்கள். விரிவான சுற்றுச்சூழல் ஆய்வு இல்லாமலேயே 2024ல் ஒப்புதல் கிடைத்தது. வழக்கு போட்டார்கள். முழு ஆய்வு செய்யாமல் தொடங்கக் கூடாது என்று நீதிமன்றம் சொல்ல, வேலை நின்றது.

மூடினாலும் ஒரு கேள்வி உண்டு, தோட்ட வேலை செய்தவர்கள் உடனே கேட்பார்கள். பழைய மரங்கள் நின்றது ஆழத்துக்கு முடிவே இல்லாத மண்ணில். கான்கிரீட் கூரையின்மேல் எத்தனை அடி மண் போட முடியும், அந்த மண்ணில் எவ்வளவு பெரிய மரம் நிற்கும்?

இதற்கிடையில் சர்வீஸ் ரோடுகளுக்கு யாரும் புதுப் பெயர் வைக்கவில்லை. பள்ளத்தின் இரண்டு கரையிலும் தெருப் பலகையில் இன்றும் ஹம்போல்ட் பார்க்வே என்றே எழுதியிருக்கிறது. கிழக்குக் கரை வீட்டுக்கும் மேற்குக் கரை வீட்டுக்கும் தபால் அதே தெருப் பெயரில்தான் வருகிறது.